அப்பா உடல் தானம் எழுதப்போறாங்க, அம்மா பயப்படுறாங்க: உயிர்த்தெழுதல் அன்னைக்கு என்ன ஆகும்?

பாளை_மகள்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்க சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), அப்பா அம்மா பாளையங்கோட்டையில, நான் வேலைக்காக சென்னையில. அப்பா ரிட்டயர்டு சயின்ஸ் வாத்தியார், எழுபது தாண்டிடுச்சு, ஆண்டவர் கிருபையில நல்லாத்தான் இருக்காங்க. போன மாசம் வீட்ல யாருகிட்டயும் சொல்லாம மெடிக்கல் காலேஜ் அனாடமி டிபார்ட்மெண்டுக்குப் போய் உடல் தான ஃபார்ம் வாங்கிட்டு வந்து, ஃபில் பண்ணி, சாட்சி கையெழுத்துக்கு அம்மாகிட்ட குடுத்திருக்காங்க. அம்மா அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லையாம்.

அம்மா கேக்குறது இதுதான். "கல்லறையே இல்லாத ஆளை ஆண்டவர் எங்கருந்து எழுப்புவாரு? படிக்கிற பிள்ளைங்க கூறு கூறா அறுத்துட்டு மிச்சத்தை எரிச்சிடுவாங்க, எக்காளம் தொனிக்கிறப்ப இவங்க எதை வச்சு எழும்புவாங்க?" அப்பா "மண்ணுல போட்டாலும் கொஞ்ச வருஷத்துல ஒண்ணும் மிஞ்சாது, அதுக்குள்ள நாலு பிள்ளைங்க படிச்சுட்டுப் போகட்டுமே"ன்னு சொல்றாங்க. அம்மாவுக்கு அது ஏத்துக்கவே முடியல. எங்க தாத்தா ஆச்சி கல்லறை பக்கத்துலயே இவங்களுக்கும் இடம் இருக்கு. வருஷா வருஷம் ஈஸ்டர் அன்னைக்கு விடியுறதுக்கு முன்னாடியே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அங்க நின்னு பாட்டு பாடுற குடும்பம் நாங்க, அதனால அம்மாவுக்கு உயிர்த்தெழுதல்னா அந்த இடம்தான் கண்ணு முன்னாடி வரும்னு நினைக்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே தெரியணும். வேதத்துல இதுக்குத் தடை ஏதாவது இருக்கா? எழும்பப்போற சரீரத்துக்கு இந்த சரீரம் வேணுமா வேண்டாமா? வேண்டாம்னா அப்புறம் விசுவாசப் பிரமாணத்துல வாராவாரம் "சரீரம் உயிர்த்தெழுதலும்"னு ஏன் சொல்றோம், ஆத்துமா மோட்சம் போகும்னு மட்டும் சொன்னா போதுமே? அம்மாவை வாயடைக்க வைக்க பதில் தேடல, அவங்க மனசு அமரணும், எனக்கும் புரியணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜெபவீரன்:

சிஸ்டர் கவலையே படாதீங்க. உடம்புங்கிறது வெறும் கூடு, ஆத்துமா பறந்து போனதுக்கு அப்புறம் அதை எரிச்சா என்ன, புதைச்சா என்ன, ஆஸ்பத்திரிக்குக் குடுத்தா என்ன. பிரசங்கி 12:7 பாருங்க, மண்ணு மண்ணுக்குத் திரும்பும், ஆவி அதைத் தந்த தேவன்கிட்ட போகும். அம்மாகிட்ட இதை அன்பா எடுத்துச் சொல்லுங்க, புரிஞ்சுக்குவாங்க. அப்பா பண்றது பெரிய தியாகம், ஆமென்.

உபதேசியார்_பேரன்:

ஜெபவீரன் பிரதர், அப்பா தாராளமா தானம் பண்ணலாம்ங்கிற உங்க முடிவு சரிதான், ஆனா நீங்க சொன்ன காரணம் எனக்கு ஒத்துக்கல, ஏன்னா அந்தக் காரணத்தை ஏத்துக்கிட்டா நம்ம விசுவாசத்தோட பாதி போயிடும். உடம்பு வெறும் கூடுன்னா ஈஸ்டர் அன்னைக்கு கல்லறை காலியா இருக்கவேண்டிய அவசியமே இல்லையே. இயேசுவோட ஆவி பரலோகம் போயிடுச்சு, உடம்பு அரிமத்தியா ஊர் யோசேப்பு குடுத்த கல்லறையிலயே கிடக்குன்னு சீஷர்கள் சொல்லிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தா கிரேக்கர்கள்ல பல பேரு தலையாட்டியிருப்பாங்க, ஆத்துமாவுக்கு அழிவில்லைன்னு பிளேட்டோ காலத்துலருந்தே அங்க பேசிட்டிருந்த விஷயம்தானே. அத்தேனே பட்டணத்துல பவுல் பேசிக்கிட்டு இருக்கிறப்ப மரிச்சவங்க எழும்புறதைப் பத்தி சொன்ன உடனேதான் சிலர் இகழ்ந்தாங்கன்னு அப்போஸ்தலர் 17ல இருக்கு.

லூக்கா 24 எடுத்துப் பாருங்க. சீஷர்கள் ஆவியைப் பாக்குறோம்னு நினைச்சு பயந்து நிக்கிறாங்க, அவரு என்ன பண்றாரு? "என் கைகளையும் என் கால்களையும் பாருங்கள்"னு காட்டுறாரு, அப்புறமும் நம்பாம நிக்கிறதைப் பார்த்து சாப்பிட ஏதாவது இருக்கான்னு கேட்டு, பொரிச்ச மீன்கண்டத்தை வாங்கி அவங்க முன்னாடியே சாப்பிடுறாரு. யோவான்ல தோமாவுக்கு ஆணி அடிச்ச தழும்பு இருந்த அதே கைதான் நீட்டப்படுது (அந்த தோமாதான் நம்ம மயிலாப்பூர் வரைக்கும் வந்தாருன்னு பாரம்பரியம்). சிலுவையில தொங்கின அதே உடம்பு, ஆனா பூட்டின வீட்டுக்குள்ள வந்து நிக்குது, கூட நடந்து வந்தவங்களே சட்டுனு அடையாளம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மாறியிருக்குது. அவரை முதற்பலன்னு பவுல் 1 கொரிந்தியர் 15ல சொல்றாரு, அப்படின்னா அவருக்கு நடந்ததுதான் நமக்கும் நடக்கப்போகுது. அதனால சிஸ்டர், உங்க அம்மா அறியாமையில பேசுறாங்கன்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க. நம்மள்ல நிறைய பேரு வாயால மட்டும் சொல்ற விசுவாசப் பிரமாணத்தை அவங்க அப்படியே நம்புறாங்க. தன் புருஷன் கையும் முகமுமா எழும்பணும்னு ஆசைப்படுறாங்க, அதுதான் கிறிஸ்தவ நம்பிக்கையே.

இப்ப அவங்க கேள்விக்கு வரேன், எதை வச்சு எழும்புவாங்க? இதே கேள்வியை கொரிந்துல கேட்டிருக்காங்க, "மரித்தோர் எப்படி எழுந்திருப்பார்கள், எப்படிப்பட்ட சரீரத்தோடே வருவார்கள்"னு. பவுல் விதையைத்தான் காட்டுறாரு. எங்க வீட்ல நெல்லு போடுறவங்க, நாத்தங்கால்ல விதைச்சு சில நாள் கழிச்சு ஒரு முளையை பிடுங்கிப் பாத்தீங்கன்னா வேருகிட்ட பழைய உமி ஒட்டிக்கிட்டு இருக்கும், நசுக்கிப் பாத்தா உள்ள அரிசி இருக்காது, பாலாட்டம் கரைஞ்சு வரும். அந்த நெல்லு போயிடுச்சு, ஆனா அதுலருந்து வந்த பயிர்தான் இது, பக்கத்து வயல் பயிர் இல்ல. பவுல் சொல்றதும் அதான், "தேவன் தமது சித்தத்தின்படியே மேனியைக் கொடுக்கிறார்", விதைக்கிறப்ப அழிவுள்ளது, எழும்புறப்ப அழிவில்லாதது. எப்படிங்கிற செய்முறையை அவரு சொல்லல, யாரு குடுக்குறாருன்னு சொல்றாரு. உயிரோட இருக்கிறப்பவே நம்ம உடம்புல இருக்கிற பொருள் சாப்பாட்டாலயும் மூச்சாலயும் மாறிக்கிட்டேதான் இருக்கு, இருபது வயசுல உங்க அப்பா உடம்புல இருந்த அணுக்கள்ல பெரும்பகுதி இப்ப இருக்காது, ஆனாலும் அம்மா கட்டிக்கிட்ட அதே ஆள்தான். மூணாம் நூற்றாண்டுலயே ஓரிஜன்ங்கிற சபைப் பிதா உடம்பு எப்பவும் மாறிக்கிட்டே இருக்கிறதைச் சொல்லி இதைப் பத்தி எழுதியிருக்காரு.

உடம்பு சிதைஞ்சுட்டா எழுப்ப முடியாதுன்னு நினைச்சு ஒரு கூட்டம் செயல்லயே இறங்கியிருக்கு. கி.பி. 177ல, இன்னைக்கு பிரான்ஸ்ல இருக்கிற லியோன் நகரத்துல கிறிஸ்தவங்களை சித்திரவதை பண்ணிக் கொன்னாங்க. கொன்னதோட விடல. உடம்புகளை அடக்கம் பண்ண விடாம ஆறு நாள் வெளிய போட்டு வச்சு, அப்புறம் எரிச்சு, சாம்பலை கூட்டி ரோன் ஆத்துல தள்ளிட்டாங்க. இவங்க உயிர்த்தெழுதலை நம்பித்தான் பயமில்லாம சாகுறாங்க, இப்ப எழும்புறாங்களான்னு பாப்போம்னு சொன்னாங்களாம். தப்பிச்ச விசுவாசிகள் ஆசியாவுல (இன்னைக்கு துருக்கி இருக்கிற பகுதி) இருந்த சபைகளுக்கு எழுதின கடிதத்துல இதெல்லாம் இருக்கு, யூசேபியஸ் தன்னோட சபை வரலாறுல அதைப் பத்திரப்படுத்தி வச்சிருக்காரு. அந்த சகோதரங்களை அடக்கம் பண்ண முடியலையேன்னு அவங்க ரொம்ப துக்கப்பட்டாங்க, அதையும் மறைக்காம எழுதியிருக்காங்க, ஆனா அவங்க எழும்பமாட்டாங்கன்னு பயந்ததா ஒரு வரி கூட இல்ல. உங்க அம்மாவோட துக்கம் நியாயம், பயம் மட்டும் வேண்டாம்னு சொல்றதுக்கு எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இன்னொண்ணு, இதை அம்மாகிட்ட அவசியம் சொல்லுங்க. பழைய சபைப் பிதா அகஸ்தீனோட தாயார் மோனிக்கா தன் புருஷன் பக்கத்துலயே அடக்கமாகணும்னு ரொம்ப நாளா ஆசைப்பட்டு ஊர்ல இடமெல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தாங்க. 387ல இத்தாலியில ஓஸ்தியா துறைமுகத்துல, ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறக் காத்திருக்கிறப்ப காய்ச்சல்ல விழுந்துட்டாங்க. அப்ப பிள்ளைங்ககிட்ட இந்த உடம்பை எங்க வேணா போடுங்க, அதைப் பத்தி கவலைப்படாதீங்க, ஆண்டவரோட பீடத்துல என்னை நினைச்சுக்கோங்க, அது போதும்னு சொல்லியிருக்காங்க. சொந்த ஊரை விட்டு இவ்வளவு தூரத்துல உடம்பை விட்டுட்டுப் போக பயமா இல்லையான்னு யாரோ கேட்டதுக்கு, கடவுளுக்கு எதுவும் தூரம் இல்ல, கடைசி நாள்ல என்னை எங்கருந்து எழுப்பணும்னு அவருக்குத் தெரியாமப் போயிடுமான்னு கேட்டிருக்காங்க.

வேதத்துல தடை இருக்கான்னு கேட்டீங்க. நேரடித் தடை எதுவும் கிடையாது. சவுலையும் யோனத்தானையும் யாபேஸ் ஊர்க்காரங்க எரிச்சு, எலும்புகளை எடுத்து மரத்தடியில அடக்கம் பண்ணினதா 1 சாமுவேல் 31ல இருக்கு, அதை வேதம் குத்தமா சொல்லல, தாவீது அவங்களை ஆசீர்வதிக்கத்தான் செஞ்சாரு. அடக்கம் பண்றது நம்ம வழக்கம், இயேசுவும் அடக்கம் பண்ணப்பட்டாரு, அந்த வழக்கத்தை நான் உயர்வா நினைக்கிறேன். ஆனா அதை ஒரு நிபந்தனையா ஆக்கிடக்கூடாது.

கடற்கரை_அருள்:

நாங்க கன்னியாகுமரி மாவட்டம், கடற்கரை கிராமம், கத்தோலிக்கர். அக்கா, உங்க அம்மா கேட்ட கேள்வியை 2017 ஓகி புயலுக்கு அப்புறம் எங்க ஊரு பெண்கள் எல்லாரும் கேட்டாங்க. நவம்பர் கடைசியில கடலுக்குப் போனவங்கள்ல பல பேரு திரும்பல, உடலும் கிடைக்கல. உடலைப் பாத்து அழுது, முகத்துல முத்தம் குடுத்து, குழியில ஒரு பிடி மண்ணு போட்டாத்தான் மனசு கொஞ்சமாவது ஒத்துக்கும், அது எதுவுமே இல்லாம கல்லறையில பேரை மட்டும் எழுதி வச்சா அந்த வலி வேற மாதிரி. என் மாமன் மகனும் அதுல ஒருத்தன். அத்தை ரொம்ப நாளைக்கு மீன் வாங்கவே மாட்டேன்னுட்டாங்க, ஏன்னு நான் விளக்கவேண்டியது இல்ல.

அப்ப எங்க பங்குச்சாமியார் பூசையில திருவெளிப்பாடு 20ல கடல் தன்கிட்ட இருக்கிற செத்தவங்களை ஒப்படைக்குங்கிற வசனத்தை வாசிச்சாரு. அதுக்கு முன்னாடியும் எத்தனையோ தடவை கேட்ட வசனம்தான். ஆனா அன்னைக்கு கோயில்ல இருந்த ஒவ்வொருத்தருக்கும் அது தன் வீட்டு ஆளைப் பத்தின வாக்கா கேட்டுச்சு. கடல் வச்சுக்க முடியாது, திருப்பிக் குடுத்தே ஆகணும். இன்னைக்கும் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்னைக்கு அத்தை மத்த கல்லறைகளுக்கு வைக்கிற மாதிரியே அவன் பேரு இருக்கிற கல்லுக்கும் பூவும் மெழுகுதிரியும் வைப்பாங்க, அப்புறம் கடல் பக்கம் திரும்பி நின்னும் ஜெபம் சொல்லுவாங்க.

எங்க சபை நிலைப்பாட்டையும் சொல்லிடுறேன், உபயோகப்படும். 1886ல உடலை எரிக்கக்கூடாதுன்னு ரோம் தடை போட்டுச்சு, காரணம் அப்ப ஐரோப்பாவுல சில பேரு உயிர்த்தெழுதலை மறுக்கணும்னே எரிக்கிறதை ஒரு இயக்கமா நடத்தினாங்க. 1963ல அந்தத் தடையைத் தளர்த்தினாங்க, நம்பிக்கையை மறுக்கிற நோக்கத்துல செய்யாத வரைக்கும் எரிக்கலாம்னு. 2016ல வந்த அறிவுரையில சாம்பலை கடல்லயோ காத்துலயோ தூவாம கல்லறை மாதிரி புனிதமான இடத்துல வைக்கச் சொன்னாங்க. அடக்கம்தான் இன்னைக்கும் சபை விரும்புறது. உறுப்பு தானத்தை அன்பின் செயல்னே இரண்டாம் யோவான் பவுல் பல தடவை பேசியிருக்காரு. அதனால எங்க பக்கத்துலயும் உங்க அப்பாவைக் குத்தம் சொல்லமாட்டாங்க.

எங்க மக்கபேயர் ரெண்டாம் புத்தகத்துல ஏழு சகோதரங்க கதை வரும் (உங்க பைபிள்ல இருக்காது). மூணாவது ஆளு நாக்கைக் கேட்டப்ப உடனே நாக்கை நீட்டி, ரெண்டு கையையும் துணிஞ்சு நீட்டி, இது எனக்கு விண்ணகத்துலருந்து கிடைச்சது, அவர்கிட்டருந்தே திரும்ப வாங்கிக்குவேன்னு சொல்லுவான். உங்க அப்பா செய்யப்போறதை நினைச்சப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

அனாடமி_டியூட்டர்:

நான் ஒரு மெடிக்கல் காலேஜ்ல அனாடமி சொல்லிக்குடுக்கிறேன், கிறிஸ்தவள்தான். அம்மாவுக்கு "கூறு கூறா அறுப்பாங்க"ங்கிற படம்தான் மனசுல இருக்கு, அதனால உள்ள நடக்கிறதை சொல்றேன்.

ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்க முதல் நாள் உள்ள வர்றப்ப ஃபார்மலின் நெடியில கண்ணு எரியும், சில பேருக்கு தலை சுத்தும், சத்தமே இருக்காது. உடம்பு மேல துணி போத்தியிருக்கும். முதல்ல எல்லாரும் நின்னு உறுதிமொழி எடுப்பாங்க, இந்த உடலை மரியாதையா நடத்துவோம், இவங்க குடும்பத்துக்கு நன்றி சொல்றோம்னு. பெரும்பாலும் கையிலருந்துதான் பாடம் ஆரம்பிக்கும். உள்ளங்கைத் தோலை மெதுவா விலக்கினா வெள்ளை நரம்பும் தசைநாரும் வரிசையா தெரியும், முன்கையில இருக்கிற ஒரு தசைநாரை லேசா இழுத்தா விரல் மடங்கும். எத்தனை வருஷம் பாத்தாலும் அந்த நேரத்துல எனக்கு சங்கீதம் 139 மனசுக்குள்ள ஓடும், பிரமிக்கத்தக்க அதிசயமா உண்டாக்கப்பட்டேன்னு. வயித்துல பழைய ஆபரேஷன் தழும்பு, கால்ல ஆணி, விரல்ல மோதிரம் போட்ட பள்ளம், இதெல்லாம் பாக்குறப்ப இது ஒருத்தரோட வாழ்க்கைங்கிறது யாருக்கும் மறக்காது. வெறும் கூடுன்னு இந்த வேலை செய்றவ என்னால சொல்லவே முடியாது.

நடைமுறை விஷயம் சில சொல்றேன், முக்கியம். அப்பா எழுதிக்குடுத்தாலும் கடைசியில தகவல் சொல்லி உடலை ஒப்படைக்கப்போறது குடும்பம்தான், அவங்க வேண்டாம்னா காலேஜ் வந்து வம்பு பண்ணாது. அதனால அம்மா மனசு ஒப்பாம இது நடக்காது, நடக்கவும் கூடாது. அப்புறம், எல்லா உடலையும் எடுத்துக்க மாட்டாங்க. ஆக்சிடெண்ட்டாகி போஸ்ட்மார்ட்டம் பண்ணினது, சில தொத்து நோய் இருந்தது, ரொம்ப நேரம் ஆகிட்டது, இதெல்லாம் திருப்பி அனுப்ப வாய்ப்பிருக்கு. அப்படி ஆனா என்ன செய்யணும்னு இப்பவே பேசி வச்சுக்கோங்க, உங்களுக்குத்தான் இடம் இருக்கே. கண் தானம் மட்டும் தனியா பண்ணலாம், ஆறு மணி நேரத்துக்குள்ள கண் வங்கிக்கு சொல்லணும், அதுக்கப்புறம் வழக்கம்போல அடக்கமும் பண்ணலாம். படிப்பு முடிஞ்சதுக்கு அப்புறம் மிச்சத்தை என்ன பண்றாங்கங்கிறது காலேஜுக்கு காலேஜ் வேறுபடும், அதை நேர்ல கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

பாளை_மகள்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி ஃபோன்ல அம்மாவுக்கு ஒவ்வொண்ணா வாசிச்சேன். மோனிக்கா அம்மா சொன்னதை ரெண்டாவது தடவை வாசிக்கச் சொன்னாங்க. கடல்ல போனவங்க விஷயம் கேட்டு அழுதுட்டாங்க, அந்த அத்தை பேரு என்னன்னு கேட்டாங்க ஜெபத்துல வைக்க, பேரு இங்க வேண்டாம்னு சொல்லிட்டேன், பேரில்லாமலே ஜெபிக்கிறாங்க.

இப்ப அவங்களுக்கு இன்னொரு கேள்வி. கடைசி நாள்லதான் எழும்புவாங்கன்னா அதுவரைக்கும் எங்க இருப்பாங்க? தாத்தா கல்லறையில "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்"னு இருக்கு, தூங்குறாங்களா, ஆண்டவர்கிட்ட இருக்காங்களா?

உபதேசியார்_பேரன்:

சிஸ்டர், இதுல சபைகளுக்குள்ள ஒரே பேச்சு கிடையாது. சிலுவையில தொங்கின கள்ளன்கிட்ட "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்"னு ஆண்டவர் சொன்னாரு, தேகத்தை விட்டுப் பிரிஞ்சு கிறிஸ்துவோட இருக்க ஆசைன்னு பவுல் பிலிப்பியர்ல எழுதுறாரு, இதை வச்சு செத்த உடனே விசுவாசி ஆண்டவர்கிட்ட இருக்கான்னு பெரும்பாலான சபைகள் நம்புது. சபைச் சீர்திருத்தக்காரர்கள்ல லூத்தர் பல இடத்துல அதை நல்ல தூக்கம் மாதிரி பேசியிருக்காரு, கால்வின் அப்படி ஆத்துமா உணர்வில்லாம தூங்காதுன்னு வாலிபத்துலயே ஒரு புத்தகம் எழுதினாரு. கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலம், அதாவது மோட்சத்துக்கு முன்னாடி சுத்திகரிக்கப்படுற நிலை, சொல்லுவாங்க. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை தூக்கம்னே சொல்லும்.

என் மனசுல பட்டதைச் சொல்றேன், உங்க தாத்தா ஆண்டவர்கிட்ட பத்திரமா இருக்காங்க, ஆனா அவங்க கதை இன்னும் முடியல. ரோமர் 8ல பவுல் சரீர மீட்புக்காகக் காத்திருக்கிறோம்னு எழுதுறப்ப சிருஷ்டி முழுசும் கூடவே தவிக்குதுன்னு சேத்து சொல்றாரு. அதாவது நம்மளை மட்டும் தனியா பிரிச்சு மேல எடுத்துக்கிட்டு இந்த மண்ணையும் கடலையும் குப்பையில போடுறது அவரோட திட்டம் இல்ல. லாசருவோட சகோதரி மார்த்தாகிட்ட ஆண்டவர் "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்"னு சொல்லிட்டு, அடுத்த கொஞ்ச நேரத்துல லாசரு கல்லறைகிட்ட நின்னு அழுதாரே, எழுப்பப்போறோம்னு தெரிஞ்சும் அழுதாரே. அதனால அம்மா அழட்டும், அழ வேண்டாம்னு யாரும் சொல்லவேண்டாம். நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி துக்கப்படாதீங்கன்னுதான் தெசலோனிக்கேயருக்கு எழுதியிருக்கு, துக்கமே படாதீங்கன்னு எழுதல.

செய்யவேண்டியது ஒண்ணு இருக்கு. உங்க சபை ஐயர்கிட்ட (போதகர்கிட்ட) அப்பாவும் அம்மாவும் சேந்து போய் இப்பவே பேசட்டும், எப்பவோ வர்ற நாளா இருந்தாலும். காலேஜுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி கோயில்ல வச்சு முழு ஆராதனையும் நடத்த முடியுமான்னு கேளுங்க, எங்க பக்கம் ஒரு குடும்பத்துக்கு அப்படி நடத்தினாங்க, வாசல்ல ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்ப ஐயர் ஒப்புக்கொடுக்கிற ஜெபத்தையும் அங்கயே சொன்னாரு, ஜனங்க பாட்டும் பாடினாங்க. தாத்தா ஆச்சி கல்லறையில அப்பா பேரையும் வசனத்தையும் பொறிச்சுக்கலாம், அம்மாவுக்கு ஈஸ்டர் அன்னைக்குப் போய் நிக்க இடம் இருக்கும். சில சபைகள்ல உடல் அடக்கம் பண்ணாத பேரை கல்லுல எழுத கமிட்டி அனுமதி கேப்பாங்க, அந்த லெட்டரை அப்பா கையாலயே எழுதி இந்த வருஷமே குடுத்துடுங்க, ஏன்னா அது கமிட்டி மீட்டிங்ல வச்சு முடிவாகி வர்றதுக்கு நாளாகும்.